முப்பது எண்ணும் பாட்டு

அத்தியாயம் 17

வங்காளத்து டாக்குரியாவில் வெங்கடநாராயணன் வீட்டில் ஒரு வாரமாக யாரும் ஓர் இடத்தில் உட்கார்ந்து காபி குடிக்கவில்லை. ஏன் என்பது தொடர்ந்து படித்து வருபவர்களுக்குத் தெரியும். நடுவில் விட்டவர்களுக்காக நாலு வரி.

மகள் சைதன்யா எம்.எஸ்ஸி. பிசிக்ஸ். டீச்சர் வேலையை விட்டுவிட்டு 'லோ வோல்டேஜ்' என்ற ராக் பாண்டில் கிடார் வாசித்துப் பாடுகிறாள். காதல், நிலா, பிரிவு எதுவும் இவர்கள் பாட்டில் கிடையாது. பாயசத்தில் போட்ட திராட்சை ஏன் உப்புகிறது என்று ஒரு பாட்டு. டிராம் நின்ற பிறகும் நாம் ஏன் முன்னால் போய் விழுகிறோம் என்று ஒரு பாட்டு. எல்லாவற்றுக்கும் காது கிழிய டிரம்ஸ் உண்டு. அதை அடிப்பவன் தீபாயன், காலேஜ் நாளிலிருந்து இவளுக்கு நண்பன்.

போன சனிக்கிழமைதான் அதிசயம் நடந்தது. கல்வி அறக்கட்டளை நடத்தும் சன்யால் மேடம் இவர்களுடைய புதுப் பாட்டைக் கேட்டுவிட்டு, "முந்நூறு ஸ்கூல்ல இதைப் பாட வைக்கிறேன்" என்றார். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு பவானிபூரில் ஒரு ஹாலில் ஆசிரியர்கள் முன்னால் அறிமுக விழா. மேடம் சொன்ன அன்றைக்கே தீபாயன் சாஃப்ட்வேர் கம்பெனியில் ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டான். அவசரக்குடுக்கை என்று அவன் அம்மா இன்னும் அவனோடு பேசவில்லை.

பாட்டு மின்னலைப் பற்றியது. மின்னல் வெட்டியதும் எண்ண ஆரம்பிக்க வேண்டும். முப்பதுக்குள் இடி கேட்டால் மேகம் கிட்டத்தில் இருக்கிறது, விளையாட்டை விட்டுவிட்டு உள்ளே ஓடு. முப்பதைத் தாண்டி வந்தால் இன்னும் அவகாசம் உண்டு. வங்காளியில் 'ஏக், துயி, தின்' என்று தொடங்கி முப்பதாகிய 'திரிஷ்' வரைக்கும், எண்ணுக்கு ஓர் அடியாக தீபாயன் டிரம்ஸில் போடுவான். குழந்தைகளும் அதே தாளத்தில் எண்ணிப் பழகிவிடுவார்கள். சித்திரை வைகாசியில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து அடிக்கும் கால்பைசாகிப் புயல் உள்ள ஊரில் இதற்கு ஏற்பட்ட மதிப்பு நியாயமானதுதான்.

இன்று அந்தச் சனிக்கிழமை. மணி மூன்று அடிக்கப் பத்து நிமிஷம்.

சைதன்யா மூன்றாவது முறையாக உடை மாற்றிக்கொண்டிருந்தாள். அம்மா காமு தலைக்கு டை போட்டுக்கொண்டு, தோளில் பழைய துண்டோடு, சமையலறைக் கடிகாரத்துக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முப்பது நிமிஷம் ஊற வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. சும்மா இருப்பது அவளுக்கு வராத கலை. மகளின் ஃபோனில் அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு தொடையில் தாளம் தட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்ட கை அது.

"சைது, இங்க வாயேன். இந்த முப்பது எண்றேளே, அது எத்தனை நேரம்?"

"முப்பது செகண்ட்மா. எண்ணுக்கு ஒரு செகண்ட்." அறைக்குள்ளிருந்தே பதில் வந்தது.

"இல்லையே. பதினஞ்சு செகண்ட்லயே முடிஞ்சுடறது."

"நீ வேகமா எண்ணியிருப்பே."

"நான் எங்கேடி எண்ணினேன்? பாட்டுதான் எண்றது. நான் வெறுமனே தட்டறேன். மூணு தடவை பாத்தாச்சு."

சைதன்யா ஒரு காதில் கம்மலோடு வந்து நின்றாள். பாட்டை மறுபடி ஓடவிட்டாள். செகண்ட் முள் பன்னிரண்டில் இருக்கும்போது 'ஏக்'. அது மூன்றைத் தொடும்போது 'திரிஷ்'.

"ஜனவரியில பாடினப்போ சவுக்கமா, மெதுவா இருந்துது," என்றாள் காமு. "அப்புறம் துரிதத்துக்குக் கொண்டுபோய்ட்டேள். அதுல எண்ணிக்கையும் சேர்ந்து ஓடாதா என்ன?"

காமு இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பாட்டு வகுப்பில் சொல்வதைப் போலச் சொன்னாள். சைதன்யா பாட்டைப் பாதியிலேயே நிறுத்தினாள்.

ஜனவரியில் பாட்டைப் போட்டபோது நிமிஷத்துக்கு அறுபது அடி. எண்ணுக்கு ஒரு செகண்ட் என்று தாளம் அளக்கும் மெட்ரோனோம் வைத்துச் சரி பார்த்தவள் அவளேதான். வெங்கடநாராயணன் கேட்டுவிட்டு, "இது ராக்கா, தாலாட்டா? கொஞ்சம் ஓட்டுங்கோளேன்" என்றார். அவரைச் சித்தப்பா முறையில் கூப்பிடும் தீபாயன், "காக்கு சொல்றது சரி" என்று குதித்தான். ஸ்டுடியோவில் நிமிஷத்துக்கு நூற்றிருபது ஆக்கினார்கள். பாட்டு பறந்தது. வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை. அதனால் அறிவியலும் மாறவில்லை என்று எம்.எஸ்ஸி. படித்தவள் நினைத்துவிட்டாள். கைதட்டலுக்கு நடுவில் யார் கடிகாரம் பார்க்கிறார்கள்?

"அம்மா, பதினாறு செகண்ட்ல இடி வந்துதுன்னா, இந்தப் பாட்டைப் பாடற குழந்தை முப்பத்திரண்டு எண்ணியிருக்கும்."

"சரி."

"என்ன சரி? முப்பதைத் தாண்டிடுத்து, பயமில்லைன்னு கிரவுண்ட்லயே நிக்கும். மேகம் அஞ்சு கிலோமீட்டர்ல வந்து நிக்கறது தெரியாம."

காமு தாளம் போட்ட கையை மெல்ல மடியில் வைத்தாள்.

அப்போது வடமேற்கில் எங்கோ தூரத்தில் உருட்டும் சத்தம் கேட்டது. இருவரும் ஒரே சமயத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அப்பா!" என்றாள் சைதன்யா.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெங்கடநாராயணனுக்கு இப்போது ஏரிக்கரை மைதானத்தில் குழந்தைகள் கிரிக்கெட் முகாமின் கௌரவச் செயலாளர் பதவி. சம்பளம் கிடையாது, பந்தா உண்டு. மகள் பாட்டை முகாமில் இருபத்திரண்டு குழந்தைகளுக்கும் மனப்பாடம் செய்வித்திருந்தார். மழை வரும்போல இருந்தால் ஆட்டத்தை நிறுத்துவதா வேண்டாமா என்று பாட்டைப் பாடி எண்ணித்தான் முடிவெடுப்பேன் என்று நாலு நாளாகப் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

சைதன்யா அவருக்கு ஃபோன் போட்டாள். பக்கத்து அறையில் சார்ஜரில் கிடந்த ஃபோன் அடித்தது.

"நீ தலையை அலசிண்டு நேரா ஹாலுக்குப் போயிடு," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

டாக்குரியா பாலத்தடியில் ஆட்டோக்கள் அசையாமல் நின்றன. ஓடுவதே மேல் என்று தோன்ற, ஆட்டோவில் ஏறவே இல்லை. வானம் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் ஈயம் பூசியது போலவும் இருந்தது. காற்று புழுதியையும் பிளாஸ்டிக் பைகளையும் கிளப்பி முகத்தில் அடித்தது. புதுச் செருப்பின் வார் குதிகாலை அறுத்தது. 'ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்திருக்கக் கூடாதா?' என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினாள்.

மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளைத் தொப்பியோடு வெங்கடநாராயணன் பவுண்டரி கோட்டில் நின்றிருந்தார். வானத்தில் ஒரு கீற்று வெட்டியது. உடனே அவர் கையை உயர்த்தினார். குழந்தைகள் அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள்.

"ஏக், துயி, தின்!"

சைதன்யா ஃபோனில் ஸ்டாப்வாட்சை அழுத்திக்கொண்டே கேட்டைத் தாண்டினாள்.

"திரிஷ்!" என்று கத்தி முடித்துவிட்டு மேலும் எண்ணினார்கள். முப்பத்துநாலில் இடி உருண்டது. அவள் கையில் பதினேழு செகண்ட்.

"பாத்தியா, முப்பத்துநாலு! இன்னும் ரெண்டு ஓவர் தாராளமா போடலாம்!" என்றார் வெங்கடநாராயணன், மகளைப் பார்த்த மகிழ்ச்சியில்.

"அப்பா, எல்லாரையும் உள்ள அனுப்புங்கோ. இப்பவே!"

"ஏம்மா? அதான் முப்பத்துநாலு…"

"பாட்டு தப்புப்பா!"

மூச்சு வாங்கியதில் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. அவளுக்கு இருபத்தேழு வயதாகிறது. அப்பாவிடம் இப்படி ஒருநாளும் கத்தியதில்லை. வெங்கடநாராயணன் கேள்வி கேட்பதில் மன்னர், ரேஷன் கடையில்கூட மூன்று கேள்வி கேட்காமல் வரமாட்டார். இன்று மகளின் முகத்தைப் பார்த்தார், விசிலை எடுத்து ஊதினார்.

"உள்ள! எல்லாரும் கிளப் ரூமுக்குள்ள! மரத்தடிக்கு யாராவது போனேள்னா நாளைக்கு பேட்டிங் கிடையாது!"

கோச் ஸ்டம்புகளைப் பிடுங்கப் போனார். "அது கிடக்கட்டும், வாங்க!" என்று வெங்கடநாராயணன் அவரையும் இழுத்தார். கடைசியாக விக்கெட் கீப்பர் பெண் மாம்பி காலில் கட்டிய பேடுகளோடு தத்தித் தத்தி வந்தாள். சைதன்யா அவளை இடுப்போடு தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறினாள்.

கதவைச் சாத்தி மூன்று நிமிஷம் இருக்கும். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. ஏரியோரம் நின்ற தென்னையின் தலை பற்றிப் புகைந்தது. பிட்ச்சிலிருந்து அது நாற்பது கஜம்தான். குழந்தைகள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டார்கள். பிறகு மழை கொட்டியது.

வெங்கடநாராயணன் தொப்பியைக் கழற்றி பெஞ்சில் வைத்தார். சைதன்யா விஷயத்தைச் சொன்னாள்.

"வேகமா ஓட்டச் சொன்னது நான்," என்றார் கடைசியில்.

"நீங்க சொன்னேள். பிசிக்ஸ் படிச்சது நான்."

"அந்தக் குழந்தைகளை நிக்க வெச்சு எண்ண வெச்சது நான்தானேம்மா."

சைதன்யா அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.

ஃபோன் அடித்தது. தீபாயன். அவர்கள் பேசிக்கொண்டது வங்காளியில், நமக்குத் தமிழில்.

"எங்கே இருக்கே? டிரம்ஸ் எல்லாம் செட் பண்ணியாச்சு. டீச்சர்ஸ் மழைக்கு முன்னாலயே வந்து நிறைஞ்சுட்டாங்க."

சொன்னாள்.

"சரி. தப்புதான்," என்றான் தீபாயன். "திங்கட்கிழமை ஸ்டுடியோ போய் மெதுவா ரெக்கார்ட் பண்ணிடலாம். இன்னிக்கு மட்டும் இப்படியே பாடிடுவோம். இன்னிக்கு நிறுத்தினா மேடம் வேற பாண்டைப் பாத்துப்பாங்க. நான் வேலையை விட்டாச்சு, சைதன்யா. உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ரெண்டே ரெண்டு நாள்தான் கேக்கறேன்."

உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் கேட்டது ஒரு நிமிஷம் அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று மனசு கணக்குப் போட்டது. அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் பிற்பாடு ரொம்பவும் வெட்கப்பட்டாள்.

"வரேன்," என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

மழை சற்று விட்டதும், குழந்தைகளைக் கோச்சிடம் ஒப்படைத்துவிட்டு அப்பாவும் மகளும் டாக்ஸி பிடித்தார்கள். பவானிபூர் வரை டிரைவர் தண்ணீர் தேங்கும் தெருக்களைத் திட்டிக்கொண்டே ஓட்டினார். ஹால் வாசலில் இறங்கும்போது மேற்கே, கங்கைக்கு அந்தப் பக்கம், இரண்டாவது மேகம் திரண்டுகொண்டிருந்தது.

ஹாலில் முன்வரிசையில் காமு உட்கார்ந்திருந்தாள். அவசரத்தில் அலசிய டை நெற்றியோரம் கறுப்பாகக் கோடு போட்டிருந்தது. கணவரை முழுசாகப் பார்த்ததும், "ஃபோனை எடுத்துண்டு போனா என்ன?" என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டாள்.

சன்யால் மேடம் மைக்கில் இருந்தார். "செவ்வாய்க்கிழமையே உங்கள் எல்லாருக்கும் பாட்டை அனுப்பியிருந்தேன். கேட்டிருப்பீர்கள். இப்போது நேரில்!"

கைதட்டல் எழுந்தது. ஈரச் சல்வார் உடம்பில் ஒட்ட, சைதன்யா மேடை ஏறினாள். தீபாயன் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து 'வேண்டாம்' என்று தலையை மட்டும் ஆட்டினான். அவள் கிடாரை எடுக்காமல் மைக்கைக் கையில் எடுத்தாள்.

"இந்தப் பாட்டில் ஒரு தப்பு இருக்கிறது. நான் செய்த தப்பு."

கைதட்டல் அரைகுறையாக நின்றது.

"வார்த்தை சரி. வேகம் தப்பு. இதே தாளத்தில் குழந்தைகள் எண்ணினால் முப்பது செகண்ட் என்று நினைப்பது பதினைந்து செகண்டாக இருக்கும். ஆபத்து பக்கத்தில் இருக்கும்போது தூரத்தில் இருக்கிறது என்று நினைப்பார்கள். இன்று மத்தியானம் என் கண் முன்னாலேயே இருபத்திரண்டு குழந்தைகள் அப்படி நினைத்தார்கள்."

சுவரில் இருந்த பெரிய கடிகாரத்தைக் காட்டினாள். சரியான வேகத்தில் கைதட்டிக் காட்ட ஆரம்பித்தாள். முன்வரிசையில் காமுவின் கை தொடையில் விழுந்தது, சீராக. அவள் பக்கத்தில் வெங்கடநாராயணன் தட்டினார். மெல்ல மெல்ல ஹாலே சேர்ந்துகொண்டது. முப்பது செகண்ட் என்பது இவ்வளவு நீளம் என்று அங்கே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

"அப்படியானால் நான் என்ன செய்ய வேண்டும்?" என்றார் சன்யால் மேடம். குரலில் இனிமை போயிருந்தது.

"பாட்டை நிறுத்த வேண்டும், மேடம். இன்றைக்கே. இனிமேல் எங்களைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உங்கள் இஷ்டம்."

தீபாயன் குச்சிகளை டிரம்மின் மேல் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது பின்வரிசையில் ஒரு டீச்சர் எழுந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் ஃபோன்.

"என் பேர் கல்பனா. கிடர்பூர்ல எங்க ஸ்கூல். நான் புதன்கிழமையே சொல்லிக்கொடுத்துட்டேன்." அவள் ஃபோனை மறுபடி பார்த்தாள். "இன்னிக்கு எங்க பொண்ணுங்களுக்கு ஃபுட்பால் மேட்ச். மழை விட்டதும் மறுபடி இறங்கியிருப்பாங்க, சேத்துல ஆடறதுன்னா அவங்களுக்கு உயிர். விளையாட்டு சாருக்கு நாலு தடவை அடிச்சுட்டேன். எடுக்கலை."

யாரோ ஜன்னலைப் பார்த்தார்கள். மேற்கே வானம் ஒரு முறை வெளுத்து அடங்கியது.

சைதன்யா மேடையிலிருந்து குதித்தாள். பின்னாலேயே இன்னொருவர் குதிக்கும் சத்தம் கேட்டது.

"நம்ம வேன் வாசல்ல நிக்குது," என்றான் தீபாயன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "டிரம்ஸ் இங்கேயே கிடக்கட்டும். பத்து நிமிஷத்துல போயிடலாம். ஏறு."

கல்பனாவையும் ஏற்றிக்கொண்டு வேன் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது. கல்பனா மறுபடி மறுபடி அடித்துக்கொண்டே இருந்தாள். ஏழாவது தடவை, மறுமுனையில் எடுத்தார்கள். கல்பனா ஸ்பீக்கரைப் போட்டாள். காற்றுச் சத்தம், கூச்சல், நடுவில் மூச்சு வாங்கும் ஒரு சிறுமியின் குரல்.

"மிஸ், சார் ரெஃப்ரியா நிக்கறார். ஃபோன் பையில இருந்தது."

"உள்ள போங்க! எல்லாரையும் உள்ள போகச் சொல்லு!"

"பயப்படாதீங்க மிஸ்," என்றாள் சிறுமி, பெருமையோடு. "நீங்க சொல்லிக்கொடுத்த பாட்டைப் பாடித்தான் எண்ணினோம். முப்பத்தொண்ணு வந்தது. அதான் இன்னும் ஆடிட்டு இருக்கோம்."

கல்பனா கத்துவதற்குள் லைன் அறுந்தது.